மறைக்க எதுவுமில்லாத மருமகனுக்கு

அன்புள்ள முகிலனுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் செய்தி வந்தது. கண்ட ஆப்புக்கெல்லாம் அனுமதி கொடுக்காதே என்று உன் அம்மா திட்டியதற்கு, "நான் சாப்பிடறது, தூங்கறது, ரீல்ஸ் பாக்கறது தெரிஞ்சு எவன் என்ன பண்ணப் போறான்? எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு மாமா?" என்று நியாயம் கேட்டிருக்கிறாய். அக்காவுக்கும் உனக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கு என்றைக்குமே கிடையாது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. வாட்ஸாப்பில் பதில் போட்டால் மூன்றாவது வரியிலேயே ரீல்ஸுக்கு ஓடிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் உன் கட்சியில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் நீ எத்தனை இட்லி சாப்பிட்டாய் என்பதில் உன் அம்மாவைத் தவிர உலகில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. நீ கொடுக்கும் ஒவ்வொரு தகவலும் தனியாகப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் அது தனியாக இருப்பதில்லை. வாசலில் வைத்த ஒற்றைப் புள்ளியை யாரும் கோலம் என்று சொல்வதில்லை. வரிசையாகப் புள்ளி வைத்து இழுத்துவிட்டால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பார். உன் போன் நாள் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறது. இழுக்கிற கை மட்டும் உன்னுடையது இல்லை.

ஸ்ட்ராவா என்று ஓர் ஆப். ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் தாங்கள் போன பாதையைப் பதிந்துகொள்ள வைத்திருப்பது. 2017 நவம்பரில் அந்த நிறுவனம், 100 கோடிக்கும் மேற்பட்ட ஓட்டம், நடை, சைக்கிள் பயணம் போன்ற பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. பெயர் கிடையாது, முகம் கிடையாது. ஆட்கள் அதிகம் ஓடிய இடம் பளிச்சென்று ஒளிரும், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் சிரியாவைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 20, இப்போதைய உன் வயதைவிட மூன்றுதான் அதிகம். இருண்ட பாலைவனத்தின் நடுவே ஆங்காங்கே சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள் தெரிந்தன. குண்டு விழும் ஊரில் விலை உயர்ந்த கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஜாகிங் போகிறவர்கள் யாராக இருக்க முடியும்? வெளிநாட்டுப் படைவீரர்கள். முகாமின் எல்லையைக் காலாலேயே வரைந்து காட்டியிருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படைகள் பணியில் இருக்கும் இடங்களில் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தத் தடை போட்டது. தொப்பையைக் குறைக்க ஓடினதில் ராணுவ ரகசியம் குறைந்துபோனது.

பெயரை எடுத்துவிட்டுத் தகவலைக் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நீ கேட்கலாம். இதே கேள்விக்கு ஒரு மாநில ஆளுநருக்கே பதில் கிடைத்திருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது, கவலை வேண்டாம் என்றார் ஆளுநர் வில்லியம் வெல்ட். எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த லடான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அந்த ஊரில் ஆளுநர் பிறந்த அதே நாளில் பிறந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். அவருடைய மருத்துவப் பதிவை எடுத்து அவர் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தார் ஸ்வீனி. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று பிறகு கணக்கும் போட்டுக் காட்டினார். உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது என்று ஒரு தடவை பார்.

அடுத்தது உனக்குப் பிடித்த சினிமா. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி ஒன்று வைத்தது. படம் பரிந்துரைக்கும் தன் கணக்கை யார் 10 சதவீதம் மேம்படுத்துகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதற்காகச் சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குப் போட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. நம் ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த அரவிந்த் நாராயணன், பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து அதைக் கிளறினார். ஒருவர் மதிப்பெண் போட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தப்பாக இருக்கலாம், தேதி இரண்டு வாரம் முன்பின்னாகவும் இருக்கலாம். அப்படியும் 99 சதவீதப் பதிவுகளைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று நிறுவினார்கள். ஐஎம்டிபி தளத்தில் ஒருவர் வெளிப்படையாக எழுதிய விமர்சனங்களோடு ஒப்பிட்டால் பெயரும் கிடைத்துவிடும். வழக்கு வந்தது, 2010-இல் அடுத்த போட்டியை நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டது. மேடையில் ஈரானியப் படங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் ராத்திரி எந்தப் பேய்ப் படத்தை எத்தனை தடவை பார்க்கிறார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதை மறைப்பது குற்றம் ஆகாது, மரியாதை.

இதுவரை சொன்னதில் அவரவர் தகவலுக்கு அவரவர் பாடு. உன் "எங்கிட்ட" என்ற சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோம் என்பதுதான் நீ யோசிக்காதது. டார்ச் அடிக்கிற ஆப் ஒன்று உன் தொடர்புப் பட்டியலைக் கேட்டு நீ "அனுமதி" என்று தட்டினால், போவது உன் எண் மட்டுமில்லை. என் எண் போகிறது, உன் பாட்டியின் எண் போகிறது, பால்காரர் எண்ணும் போகிறது. எங்களை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் எச்சிலை வாங்கி வம்சாவளி சொல்லும் 23அண்ட்மீ என்ற மரபணு நிறுவனத்தில் 2023-இல் நடந்தது இதன் பெரிய வடிவம். வேறு இடத்தில் வைத்த கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்த சுமார் 14,000 பேரின் கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி அங்கே இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. ஒன்றுவிட்ட அண்ணன் சோம்பேறித்தனமாகக் கடவுச்சொல் வைத்ததற்கு ஊர்ப்பட்ட சொந்தம் அனுபவித்தது.

கேலிக்கூத்துக்கும் இதில் பஞ்சமில்லை. 'மை பிரண்ட் கெய்லா' என்று ஒரு பேசும் பொம்மை. குழந்தை கேள்வி கேட்டால் இணையத்தில் தேடிப் பதில் சொல்லும். பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் புளூடூத் வழியாக அதனோடு இணைந்து குழந்தையிடம் பேசலாம், கேட்கலாம் என்று தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பு அதை மறைமுக ஒட்டுக்கேட்புச் சாதனம் என்று தடை செய்து, வாங்கிய பெற்றோரிடமே பொம்மையை அழித்துவிடச் சொன்னது. தங்க நிறக் கூந்தலோடு ஓர் உளவாளி!

தரை பெருக்கும் ரும்பா ரோபோ கதை இன்னும் விசேஷம். சோதனைக்காகச் சில வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட ரோபோக்கள் எடுத்த படங்கள், எது நாற்காலி எது செருப்பு என்று குறித்துக் கொடுக்கும் வேலைக்காக வெனிசுவேலா வரை போயின. அங்கிருந்த வேலையாட்கள் சிலர் அவற்றைச் சமூக வலைத்தளக் குழுக்களில் போட்டார்கள். கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதை வெளிக்கொண்டுவந்தது. அவை விற்பனைக்கு வந்த ரோபோக்கள் இல்லை, சோதனையில் கலந்துகொண்டவர்கள் சம்மதித்திருந்தார்கள் என்றது நிறுவனம். சம்மதித்தது உண்மைதான். ஆனால் எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள், எது நடந்தது என்று பார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மாமா போனைக் கிணற்றில் போடச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதே. எனக்கு மிகப் பிடித்த கேமரா ஒன்று இருக்கிறது. 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், டிரோஜன் அறை என்ற இடத்துக்கு வெளியே ஒரு காபி மெஷின் இருந்தது. வேறு தளங்களில் இருந்தவர்கள் படிகளைக் கடந்து வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். வெறுத்துப்போனவர்கள் அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, தங்கள் கணினித் திரையிலேயே காபி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். நிமிடத்துக்கு மூன்று படம், கறுப்பு வெள்ளை, பொடிசாக 128 புள்ளி அகலம். 1993-இல் அது இணையத்துக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 2001-இல் நிறுத்தினார்கள். இன்று நாம் வெப்கேம் என்று சொல்வதற்கெல்லாம் அதுதான் மூத்தது. அது காபியை மட்டும் பார்த்தது. யார் எத்தனை கப் குடித்தார்கள் என்று குறித்துவைக்கவில்லை, சர்க்கரை விற்கிறவருக்குத் தகவல் அனுப்பவில்லை. தேவைக்கு மட்டும் எடுக்கிற தொழில்நுட்பம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. எந்தக் காரணத்துக்குத் தகவல் கேட்டார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வாங்கிய தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 மாத அவகாசம். அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் பிரிவும் தாராளம். அதை நான் ரசிக்கவில்லை. குடிமகனுக்குச் சொல்லும் பத்தியத்தைச் சர்க்காரும் இருக்க வேண்டும். உனக்கு ஒரு கெட்ட செய்தியும் உண்டு: 18 வயது ஆகும்வரை இந்தச் சட்டத்தின் கண்ணில் நீ குழந்தை, உன் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அக்கா இந்தப் பத்தியைப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. புதிதாக விற்கும் எல்லாப் போன்களிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை முன்கூட்டியே போட்டுத் தரவேண்டும் என்ற தொலைத்தொடர்புத் துறை உத்தரவு 2025 டிசம்பர் தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றார்கள். திருட்டுப்போன போனை முடக்க உதவும் ஆப்தான் அது. நல்ல கருவியா என்பது ஒரு கேள்வி, கேட்காமல் திணிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. ஜவுளிக்கடை பில் கவுண்டரிலும் இதேதான். போன் நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023-லேயே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம்ணா, பில் மட்டும் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல். சட்டை கிடைக்கும்.

இனி நீ செய்ய வேண்டியது. இருப்பிட அனுமதியை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்று. கால்குலேட்டர் மைக் கேட்டால் அந்தக் கால்குலேட்டரைத் தூக்கு. வாய்பாடு இருக்கவே இருக்கிறது. ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடு. ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடை வாட்ஸாப்புக்கு அனுப்பினால், பிரிண்ட் எடுத்ததும் உன் கண் முன்னால் அழிக்கச் சொல். ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வை, இரட்டைச் சரிபார்ப்பைப் போடு. நண்பர்கள் படத்தைப் போடுமுன் அவர்களைக் கேள். சாட்ஜிபிடியிடம் மனசைக் கொட்டும் பழக்கம் இருந்தால் நினைவில் வை: 2025-இல் பலர் அங்கே பகிர்ந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன, அதன் பிறகுதான் உரையாடலைத் தேடலில் தெரியவைக்கும் வசதியை நிறுவனம் நீக்கியது.

இத்தனையும் நினைவில் நிற்காது என்றால் மூன்று கேள்வி போதும். யாருக்கு? எதற்கு? எத்தனை நாளைக்கு? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தாராளமாகக் கொடு. ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் கொடுக்காதே.

பொங்கல் லீவுக்கு வருகிறாய் அல்லவா? கோயம்புத்தூரில் பஸ் ஏறியதும் அம்மாவுக்கு லைவ் லொகேஷன் போட்டுவிடு. எட்டு மணி நேரம் என்று வைத்தால் மதுரை வந்து சேரும்வரை தாங்கும், பிறகு தானாக நின்றுவிடும். அதைக் கொடுக்க மட்டும் யோசிக்காதே.

அன்புடன்,
மாமா