இணையவழி ஏலம்

ஏலம் நம் மக்களுக்குப் புதியதன்று. பழனி, திண்டுக்கல், வத்தலக்குண்டுச் சாலைகள் கூடும் செம்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில், தேங்காயும் காய்கறியும் ஏலத்தில் விலைபோதலைச் சிறுவரும் அறிவர். ஆங்குப் பொருள் கண்முன் கிடக்கும். விற்பவர் எதிரே நிற்பார். இணையவழி ஏலத்திலோ படம் மட்டுமே உண்டு.

1995-ஆம் ஆண்டில் பியர் ஒமிடியார் என்பார் அமெரிக்காவில் இணைய ஏலத் தளமொன்றைத் தொடங்கினார். பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற அத்தளத்தில் முதற்கண் விலைபோனது பழுதுபட்ட லேசர் சுட்டுகோல் ஒன்றாம்! பழுதென அறிந்தே ஒருவர் அதனை 14.83 டாலருக்கு வாங்கினார். அறியாது வாங்குவோர் நிலையே இரங்கத்தக்கது.

ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. எனினும், ஆங்கு நிலவிய 'பைசாபே' என்னும் முறை எண்ணத்தக்கது. வாங்குவோர் செலுத்திய தொகையை அந்நிறுவனம் தன்பால் வைத்திருந்து, பொருள் சேர்ந்த பின்னரே விற்றவர்க்கு அளித்தது. ஓராண்டு வெள்ளாமைப் பணத்தைக் கொண்டு விலையுயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டி வாங்க விழையும் குடும்பத்தார்க்கு இத்தகைய காவல் இன்றியமையாதது. தளத்திற்குப் புறம்பே நேராகப் பணம் அனுப்புமாறு விற்பவர் வற்புறுத்துவராயின், அவரை விட்டு விலகுதலே நன்று. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி இரகசிய எண்ணைக் கேட்போரும் உளர், யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு அவ்வெண் வேண்டுவதே இல்லை.

தொலைக்காட்சிப் பெட்டியின் உயிர் அதன் திரை. அது விரிசலுற்றால், மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்குதலும் உண்டு. ஆதலின், பெட்டி இயங்குதலைக் காட்டும் படத்தையும் விலைச்சீட்டையும் ஏலம் கேட்குமுன்னரே பார்த்தல் வேண்டும். பெட்டியின் வரிசை எண்ணும் சீட்டிலுள்ள எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். வண்டிக்கூலியையும் சேர்த்துத் தம் எல்லையை முன்னரே வரையறுத்துக்கொண்டவர், இறுதி நிமிடப் பரபரப்பில் அதனைக் கடவார். வஞ்சிக்கப்பட்டோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடின், பணம் வேறு கைக்கு மாறுமுன் வங்கி அதனைத் தடுத்து நிறுத்தவும் கூடும்.