நந்தவனத்தில் ஒரு பூஜ்யம்

குவாலியர் கோட்டைக்கு ஏறிச் செல்லும் வழியில், பாறையைக் குடைந்து அமைத்த சதுர்புஜர் ஆலயம் உள்ளது. திருமாலுக்குரிய அவ்வாலயத்தின் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு நந்தவனத்தைக் குறிப்பிடுகிறது. அதன் நீளம் 270 முழம். அகலம் 187 முழம். நாள்தோறும் இறைவனுக்கு 50 மாலைகள் அளிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 270, 50 ஆகிய எண்களில் பூஜ்யம் சிறு வட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் 628-இலேயே பிரம்மகுப்தர் விதிகள் வகுத்திருந்தார். கல்வெட்டிலோ அவ்வட்டத்திற்கு விளக்கம் ஏதும் இல்லை. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது வழக்கில் கலந்திருந்தது என்பதையே இம்மௌனம் உணர்த்துகிறது.

ஏட்டில் பிறந்த அறிவு, நிலம் அளப்பதிலும் மலர்த்தொண்டிலும் பயன்பட்டபோதே சமுதாயத்தின் உடைமையாயிற்று. கற்றது பிறர்க்குப் பயன்படும்போதுதான் கல்வி நிறைவு பெறுகிறது.