இரண்டு மாத வேலையை பயோடேட்டாவில் எழுதலாமா?

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் பெரும்பாலும் ரயில் போகும் திசைதான். ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டி ஓசூர். அதையும் தாண்டினால் பெங்களூரு. போனவர்கள் எல்லோரும் நிலைத்துவிடுவதில்லை. நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமலோ, பேசிய சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று என்பதாலோ, சூப்பர்வைசரின் வாய் தாங்காமலோ இரண்டே மாதத்தில் பெட்டியோடு திரும்புகிறவர்கள் உண்டு. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, 'அதை பயோடேட்டாவுல போடாத, யாருக்குத் தெரியப்போகுது' என்று நண்பர்கள் சொல்வார்கள். பி.எஃப். பிடித்த வேலை என்றால் இந்த யோசனை இன்று செல்லாது என்பதே என் வாதம்.

பி.எஃப். உறுப்பினர்களுக்கு 2014-ல் வந்த யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஆளோடு ஒட்டியது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் அந்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த தேதியும் சர்வீஸ் ஹிஸ்டரியில் நிற்கும். புது இடத்தில் சேரும்போது நிரப்பும் படிவம் 11-உம் 'முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா' என்றுதான் கேட்கிறது. எதையும் மறைக்க நினைக்காதவர்கூட மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் பெரிய ஆலைக்குள் காண்ட்ராக்ட் ஆளாகத்தான் நுழைகிறார்கள். யூனிஃபார்மும் கேன்டீன் சாப்பாடும் ஆலையுடையவை, சம்பளமும் பி.எஃப்.பும் காண்ட்ராக்டர் பெயரில். பயோடேட்டாவில் ஆலையின் பெயரை எழுதுவார்கள், பி.எஃப். பாஸ்புக்கிலோ கேள்விப்படாத ஏதோ ஒரு ஏஜென்சியின் பெயர் இருக்கும். சரிபார்க்கிறவர் ஆலைக்குக் கேட்டால், 'அப்படி ஒருவர் எங்கள் ஊழியர் இல்லை' என்று பதில் வரும். உண்மையைச் சொன்னவன் பொய்யன் ஆகிவிடுவான். 'இன்ன காண்ட்ராக்டர் மூலம், இன்ன ஆலையில், அசெம்பிளி பிரிவில்' என்று இரண்டு பெயரையும் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

'சொன்னால் வேலை கிடைக்காதே' என்பது நியாயமான பயம். சில இடங்களில் கிடைக்காதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சேருவதற்கு முன் ஒரு வாய்ப்பு நழுவுவது வேறு, சேர்ந்து ரூம் அட்வான்ஸும் கொடுத்த பிறகு, தகவலை மறைத்தார் என்று வெளியே அனுப்பப்படுவது வேறு. மேலும், ஒரு தடவை இரண்டு மாதத்தில் விட்டவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரிசையாக மூன்று இடம் அப்படி என்றால்தான் கேள்வி வரும். பி.எஃப். இல்லாத கடை, ஹோட்டல், சிறு பட்டறை வேலை என்றால் நிலைமை வேறு. பயோடேட்டா ஒன்றும் பிரமாணப் பத்திரம் அல்ல, விண்ணப்பிக்கும் வேலைக்குச் சம்பந்தமில்லாததை விட்டுவிடலாம். ஆனால் 'இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்' என்று படிவம் கேட்டு, கீழே கையெழுத்தும் கேட்டால், அங்கே விடக்கூடாது.

அடுத்த எதிர்ப்பு கொஞ்சம் சூடானது: 'என்னை அவமானப்படுத்தினார்கள், அதை ஏன் நான் மூடி மறைக்க வேண்டும்?' மூட வேண்டாம். ஆனால் இன்டர்வியூ அதற்கான இடம் அல்ல. எதிரே இருப்பவருக்கு யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க வழியில்லை. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி நீங்கள் பேசும் தொனி மட்டுமே அவருக்குக் கிடைக்கும் சாட்சி. சம்பளப் பாக்கி இருந்தால் வேலை பார்த்த மாவட்டத்தின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். இன்டர்வியூவில், 'தொடர்ந்து நைட் ஷிப்ட், எனக்குச் சரிப்படவில்லை; இங்கே ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் விண்ணப்பித்தேன்' என்ற அளவு போதும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும், அந்தக் காரணம் புது வேலையில் இருக்கவும் கூடாது. நைட் ஷிப்ட் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்ட் வேலைக்கே கேட்டால் யார் நம்புவார்கள்?

விண்ணப்பம் போடும் முன் பி.எஃப். இணையதளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்ட வேலைகளில் வெளியேறிய தேதி பல நேரம் காலியாகவே கிடக்கும். இன்னும் அங்கேயே வேலை செய்வதுபோல் காட்டும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், ஆதார் ஓ.டி.பி. வைத்து அந்தத் தேதியை நீங்களே பதிந்துகொள்ளலாம். பழைய கம்பெனிக்காரரிடம் போய் நிற்கத் தேவையில்லை.