கம்பைலர் வேலைக்கு வந்த தங்கைக்கு



உன் மின்னஞ்சல் வந்து பத்து நாளாகிறது. “அண்ணா, ரஸ்ட் கம்பைலருக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மூன்று வாரமாச்சு. யாரும் திறந்துகூடப் பார்க்கலை. முதல் தடவை அனுப்பினதை இரண்டே நாளில் சேர்த்துக்கிட்டாங்க. இப்ப நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று கேட்டிருந்தாய்.

தப்பு ஒன்றும் இல்லை. முதல் பேட்ச் ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம். பார்க்க அரை நிமிடம் போதும். இரண்டாவது, டைப் இன்ஃபரன்ஸில் கை வைக்கிறது. அதைப் படித்து, புரிந்துகொண்டு, நாளைக்கு ஏதாவது உடைந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பலருக்கு இது சம்பள வேலை கிடையாது. மரியாதையாக ஒரு வரி நினைவூட்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வரும்வரை நீ செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கம்பைலர் வேலை என்றால் புதுப்புது அம்சங்களை வடிவமைப்பது என்று நீயும் நினைத்திருப்பாய். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். ரஸ்ட் 1.0 வெளிவந்தது 2015 மே 15. அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு. இரவில் கட்டுவது நைட்லி, அதிலிருந்து பீட்டா, ஆறு வாரம் கழித்து அதுவே ஸ்டேபிள். உன் மாற்றம் தயாராகவில்லையா, வண்டி காத்திருக்காது. அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இந்த வண்டி இத்தனை வருடமாக நேரத்துக்கு ஓடுகிறதென்றால், புது அம்சம் எழுதியவர்களால் மட்டும் அல்ல. பழையதைப் படித்துக்கொண்டும், சுருக்கிக்கொண்டும், திருப்பிப் போட்டுக்கொண்டும் இருந்தவர்கள் நிறையப் பேர்.

சுருக்குவது என்றேனே, எனக்கு இந்த வேலையின் ருசி பிடிபட்டது அதில்தான். ஒருவர் தன் ப்ராஜெக்ட் முழுவதையும் தூக்கிக் கொடுத்திருந்தார். ஏறக்குறைய நாற்பதாயிரம் வரி. கம்பைல் செய்யப் போனால் கம்பைலரே விழுந்துவிடுகிறது. இன்டர்னல் கம்பைலர் எரர். எங்கள் பேச்சில் சுருக்கமாக ‘ஐஸ்’. நாற்பதாயிரம் வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாதியை வெட்டினேன், ஓட்டினேன். இன்னும் விழுகிறதா? வெட்டியது போகட்டும். விழவில்லையா? அதைத் திருப்பிப் போட்டு மற்றப் பாதியை வெட்டு. ஃபங்ஷன்களின் உடலை எடுத்துவிட்டு, முடிவே இல்லாத வெறும் லூப் ஒன்றை வைத்தேன். என்றைக்கும் திரும்பாத ஃபங்ஷனுக்கு எந்த ரிட்டர்ன் டைப் எழுதினாலும் கம்பைலர் கேள்வி கேட்காது என்பதால் இந்தத் தந்திரம் பலிக்கும். வெளி கிரேட்டுகளை, அதாவது பிறர் எழுதிய நூலகங்களை, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரவு ஒன்றரை மணிக்கு மிஞ்சியது பதினோரு வரி: ஒரு டிரெய்ட், இரண்டு லைஃப்டைம், ஒரு குளோஷர். அதற்கு மேல் ஒரு வரி எடுத்தாலும் ஐஸ் வரவில்லை.

அதன் பிறகு எப்போதிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் கார்கோ-பைசெக்ட்-ரஸ்ட்சி. தினம் ஒரு நைட்லி இருப்பதால் ஒரு வருடத்தைத் துழாவினாலும் ஒன்பது தடவை ஓட்டினால் போதும், எந்த நாளில் கெட்டது என்று தெரிந்துவிடும். அந்த நாளில் சேர்ந்த மாற்றத்தையும் பதினோரு வரியையும் பக்கத்தில் வைத்தேன். அதை எழுதியவர் வந்தார், பார்த்தார், இருபது நிமிடத்தில் திருத்திவிட்டார். திருத்தத்தில் என் பெயர் இல்லை. பக் திருத்தியது நானில்லை என்ற வருத்தம் அப்போது கொஞ்சம் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இந்தச் சுருக்கும் வேலையை இளப்பமாக நினைக்காதே. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகரும் அவர் குழுவினரும் சிஸ்மித் என்றொரு கருவி செய்தார்கள். அது தாறுமாறான சி நிரல்களை உற்பத்தி செய்து தள்ளும். அவற்றைப் பல கம்பைலர்களில் ஓட்டி விடைகளை ஒப்பிடுவார்கள். 325-க்கும் மேற்பட்ட பக்குகள் அகப்பட்டன என்று 2011-ல் கட்டுரை எழுதினார்கள். ஆனால் அகப்பட்ட நிரல்கள் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? சுருக்குவதற்கென்றே சி-ரெட்யூஸ் என்ற கருவியையும் செய்ய வேண்டியதாயிற்று.

சுருக்கிய பதினோரு வரி குப்பைக்குப் போகாது. டெஸ்ட் ஆகிவிடும். கம்பைலரின் ‘டெஸ்ட்ஸ்’ அடைவுக்குள் ‘யூஐ’ என்று ஒன்று இருக்கிறதே, அங்கே ஆயிரக்கணக்கில் இப்படிச் சின்னக் கோப்புகள். பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு கோப்பு. கம்பைலர் என்ன எரர் சொல்ல வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும். நீ எதையாவது மாற்றினால் நூறு கோப்பு ஒரே நேரத்தில் சிவப்பாகும். அப்போது ‘ப்ளெஸ்’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் போதும், எதிர்பார்த்த விடைகள் எல்லாவற்றையும் டெஸ்ட் ஓட்டும் கருவியே புதிய விடைகளாக மாற்றி எழுதிக்கொள்ளும். ஆசீர்வாதம் என்று யார் பெயர் வைத்தார்களோ! படித்துப் பார்க்காமல் ஆசி வழங்கிவிடாதே. நூறு வித்தியாசத்தில் தொண்ணூற்றொன்பது நல்லதாக இருக்கும். மிச்சம் ஒன்றில், முன்பு தெளிவாக இருந்த ஒரு எரர் மெசேஜை நீ கெடுத்திருப்பாய். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் நூறையும் படிக்கிறோம்.

இனி 2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். உன் பேட்ச் கிடப்பில் இருப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அந்த வருடம் ஜூலை 25 வெளிவந்த 1.80-ல், இட்டரேட்டரில் வரும் எழுத்துகளைச் சேர்த்து நேரே பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்டிரிங்காக வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டாண்டர்டு லைப்ரரியில் ஒரு வசதி சேர்த்தார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வசதி என்றுதானே தோன்றும்? ‘டைம்’ என்ற கிரேட்டில் ஓரிடத்தில், “இதையெல்லாம் சேர்த்து ஒரு பாக்ஸில் போடு” என்று எழுதி, பாக்ஸுக்குள் என்ன டைப் என்பதைக் கோடிட்ட இடமாக விட்டிருந்தார்கள். அதுவரை அந்த இடத்தை நிரப்ப ஒரே ஒரு விடைதான் இருந்தது, அதனால் கம்பைலரே நிரப்பிக்கொண்டது. புது வசதி வந்ததும் விடை இரண்டாயிற்று. எது என்று நீயே சொல் என்று கம்பைலர் நின்றுவிட்டது. டைமின் 0.3.35 பதிப்பில் இது சரியாகிவிட்டிருந்தது. ஆனால் லாக் ஃபைலில் பழைய பதிப்பைப் பூட்டி வைத்திருந்த எண்ணற்ற ப்ராஜெக்டுகள், ஒரு வரிகூட மாற்றாமல், கம்பைலரைப் புதுப்பித்த காலையில் உடைந்து நின்றன.

ஸ்டேபிள் வருவதற்கு முன்பே இது தெரிந்திருந்தது என்பதுதான் விசேஷம். பொதுவில் கிடைக்கிற கிரேட்டுகளையெல்லாம் பழைய கம்பைலரிலும் புதியதிலும் கட்டி ஒப்பிடுவதற்கென்றே க்ரேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு ஓட்டத்துக்கு நாள் கணக்கில் ஆகும். பழைய நிரலை உடைக்கக் கூடாது என்பதில் இன்ஃபரன்ஸ் மாற்றங்களுக்கு விலக்கு உண்டு என்று விதியும் இருக்கிறது. அதனால் தெரிந்தே வெளியிட்டார்கள். விதிப்படி தப்பில்லைதான். ஆனாலும் அது தப்பான முடிவு என்றே நான் நினைக்கிறேன். விதியைப் படித்தவன் கம்பைலர் எழுதுபவன். லாக் ஃபைல் வைத்திருப்பவன் படிக்கவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எரர் வருகிற இடத்தில், இது டைம் கிரேட் சம்பந்தப்பட்டது, 0.3.35 அல்லது அதற்கு மேல் புதுப்பித்துக்கொள் என்று தனியாக ஒரு குறிப்பைக் கம்பைலருக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஒரு கிரேட்டின் பெயர் ஒரு மொழியின் கம்பைலருக்குள்! அழகில்லை, ஆனால் அதைப் படித்து ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. இப்போது புரிகிறதா, இன்ஃபரன்ஸில் கை வைக்கும் பேட்ச் என்றதும் ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள் என்று?

திருப்பிப் போடுவதைப் பற்றியும் ஒன்று. உன் மாற்றத்தை ஒருநாள் ரிவர்ட் செய்வார்கள். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நோஏலியஸ் கதையைப் பார். ரஸ்டில் மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் ஒன்று இருக்கும்போது, அந்த நினைவிடத்தை வேறு யாரும் தொட முடியாது. இந்த உறுதியை, ரஸ்டுக்கு அடியில் இயந்திர நிரலை உருவாக்கும் எல்எல்விஎம்முக்குத் தெரிவித்தால் அது இன்னும் வேகமான நிரலை உருவாக்கும். அதற்கான குறிதான் நோஏலியஸ். சி மொழியில் ரெஸ்ட்ரிக்ட் என்று எழுதுவது இதற்குத்தான். ஆனால் சி எழுதுபவர்கள் அதை அபூர்வமாகத்தான் எழுதுவார்கள். ரஸ்ட்டோ திரும்பிய பக்கமெல்லாம் வைத்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஒற்றையடிப் பாதையில் திருவிழாக் கூட்டம் புகுந்த கதைதான். எல்எல்விஎம்மின் பழைய பக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிரல் விழாது, எரர் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். 2018-ல் வந்த ஒன்றைச் சுருக்கி சி-யில் எழுதிப் பார்த்தால் ஜிசிசி என்ற சி கம்பைலரும் அதே தப்பைச் செய்தது! போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். 2015-ல் தொடங்கிய இழுபறி 2021-ல், எல்எல்விஎம் 12 வந்த பிறகு, 1.54-ல்தான் ஓய்ந்தது.

அதே 2021 மே 6 வந்த 1.52, மாறிய பகுதியை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் இன்க்ரிமென்டல் கம்பைலேஷனில் ஒளிந்திருந்த பக்குகளைப் பார்த்ததும் ஐஸ் அடித்து நிற்கத் தொடங்கியது. நான்கே நாளில், மே 10, 1.52.1 வந்தது, அதில் இன்க்ரிமென்டலையே அணைத்துவிட்டார்கள். கம்பைல் நேரம் கூடும், எல்லோரும் திட்டுவார்கள் என்று தெரிந்தே அணைத்தார்கள். மெதுவான சரியான விடையா, வேகமான சந்தேக விடையா என்று வந்தால் கம்பைலருக்கு வேறு வழி கிடையாது.

நம் பக்கத்து விஷயம் ஒன்று, உனக்குப் பிடிக்கும். 1.53-லிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘கொள்ளளவு’ என்று ஒரு மாறி வைத்துப் பார். முதலெழுத்து ‘கொ’ நமக்கு ஒன்று. யூனிகோடில் அதை இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து மூன்றாகவும் எழுதலாம். பைட் கணக்கில் ஆறு, அல்லது ஒன்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் கம்பைலர் பெயர்களையெல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் ஒப்பிடுகிறது. அதுவரை சரி. எரர் வந்தால் மாறிக்குக் கீழே கோடு போட்டுக் காட்ட வேண்டுமே, அந்தக் கோடு எத்தனை கட்டம் நீளம்? தமிழ் எழுத்தின் அகலத்துக்கு எல்லா டெர்மினலும் ஒரே கணக்கு வைப்பதில்லை. கோடு இழுத்துக்கொண்டு போய் பக்கத்துச் சொல்லுக்குக் கீழே நிற்கும். இதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் தமிழில் தட்டச்சு செய்கிற நம்மைப் போன்றவர்கள்தான்.

எல்லா பக்கும் சீக்கிரம் தீராது. ஜிசிசியின் பக் பட்டியலில் 323-ஆம் எண், 2000-ல் திறந்தது. பழைய இன்டெல் சிப்பின் மிதவைப்புள்ளி (ஃப்ளோட்டிங் பாயின்ட்) ரெஜிஸ்டர்கள் 80 பிட் அகலம். நினைவகத்துக்குப் போகும்போது 64 ஆகக் குறையும். ஆகவே ஆப்டிமைஸ் செய்தால் ஒரு விடை, செய்யாவிட்டால் ஒரு விடை. இது பக்கே இல்லை என்று ஒரு கட்சி, இதைவிடப் பெரிய பக் உண்டா என்று ஒரு கட்சி. விதிப்படி நடக்க வைக்கும் ஆப்ஷன் சி மொழிக்கு 2010-ல் வந்தது, சி++-க்கு 2023-ல். ஒரு இஷ்யூவுக்கு உன் ஆயுசைக் கொடுக்காதே என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆயுசு என்றதும் என் கதை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வெள்ளிக்கிழமைகளை இந்த வேலைக்கு ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் பொருள் முழுவதும் இந்தக் கம்பைலரில்தான் ஓடியது. நான்கு மாதத்தில் அந்த வெள்ளிக்கிழமை மீட்டிங் கிழமையாயிற்று. வேலையை விட மனமில்லாமல் இரவுகளைக் கொடுத்தேன். இரண்டு வருடம் ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனுக்கும் பதில் போட்டேன். ஒருநாள் மடிக்கணினியைத் திறக்கவே கை வரவில்லை. ரிவ்யூ சுற்றிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதினேன். உடனே எடுத்தார்கள், நன்றி சொன்னார்கள். உலகம் இடிந்துவிடவில்லை, அடுத்த வெளியீடும் ஆறாவது வாரம் வந்தது. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறக்குறைய 250 பேரை வீட்டுக்கு அனுப்பியபோது ரஸ்டுக்கு உழைத்தவர்களும் அதில் இருந்தார்கள். அப்போதும் வண்டி நிற்கவில்லை. நீ படுத்துக்கொண்டாலும் ஓடும்படி வேலையை எழுதி வைத்துவிட்டுப் படு.

நீ செய்ய வேண்டியது இதுதான். இஷ்யூ பட்டியலில் ‘ஈ-நீட்ஸ்-டெஸ்ட்’ என்று ஒரு லேபிள் இருக்கிறது. எப்போதோ வந்த பக், வேறு எதையோ திருத்தும்போது தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் திரும்ப வராமல் காவல் காக்க டெஸ்ட் இல்லை. ஆகவே இஷ்யூ மூடப்படாமல் கிடக்கும். ஒன்றை எடு. அதில் உள்ள நிரலைச் சுருக்கு. எந்த நைட்லியில் சரியானது என்று கண்டுபிடி. டெஸ்ட் எழுது, விடைக் கோப்பை வரிக்கு வரி படி, அனுப்பு. உன் பழைய பேட்சைப் பார்க்க வேண்டியவர்கள் இந்தப் பட்டியலையும் பார்க்கிறவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிட்டு இஷ்யூ எண்ணை எனக்கு அனுப்பு. சுருக்கியது இருபது வரிக்கு மேல் இருந்தால் அனுப்பாதே, இன்னும் வெட்டு.

அன்புடன்,
அண்ணன்