மல்லிகைத் தோட்டமும் கார்த்திகைக் கவாத்தும்

கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும் குண்டுமல்லித் தோட்டங்களில் பூ குறைந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கோடை முழுவதும் கூடை கூடையாகப் பூத்த செடி, குளிர்ந்த இரவு வந்தவுடன் ஓய்வை நாடுகின்றது. இது நோயன்று, செடியின் இயல்பு. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இவ்வியல்பே உண்டு. இந்த ஓய்வுக் காலத்தில் செடியைப் பேணும் முறையைப் பொறுத்தே அடுத்த ஆண்டின் மகசூல் அமையும்.

இக்காலத்துப் பணிகளுள் தலையாயது கவாத்து. மல்லிகை, புதிதாகத் துளிர்க்கும் கிளைகளிலேயே அரும்பு கட்டும். முதிர்ந்த கிளைகளை வெட்டாது விட்டால், அவை உரத்தையும் நீரையும் உண்டு, பூவின்றி இலையாகவே நிற்கும்.

இதனை அறிந்தும் உழவர் பலர் தயங்குகின்றனர். மார்கழியில் பூ அருகுவதால் விலை ஏறுகின்றது. "கால் கிலோ பூவானாலும் கைக்குக் காசு வருகிறதே, அதையும் வெட்டச் சொல்கிறீர்களே, ஐயா!" என்று நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அம்மையார் நம்மிடம் கேட்டார். அவருக்கு அரை ஏக்கர் தோட்டமே வாழ்வு. பூ மண்டியில் வாங்கிய முன்பணமும் தீரவில்லை. அவர் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலுமா?

தோட்டத்தை இரு பாதியாக்கி, ஒன்றை நவம்பர் கடைசி வாரத்திலும் மற்றதை டிசம்பர் இறுதியிலும் வெட்டுமாறு கூறினோம். வருவாய் முற்றிலும் நிற்காது. கூலிச் செலவும் ஒருசேர வாராது. அவர் முதற்பாதியை மட்டும் வெட்டினார். மற்றதற்கு மனம் வரவில்லை. சித்திரையில் அத்தோட்டமே பாடம் சொல்லிற்று. வெட்டிய பாதியில் துளிர்தோறும் பருத்த அரும்புகள். வெட்டாத பாதியில் நெருங்கிய இலையும் காய்ந்த குச்சியும். அடுத்த கார்த்திகையில் இரு பாதியையும் அவரே முன்னின்று வெட்டுவித்தார்.

இனி, செய்முறையைக் காண்போம்.

1. மழைநீர் தேங்காதவாறு வடிகால் எடுக்க வேண்டும். கவாத்துக்குச் சில நாள் முன்னரே பாசனத்தை நிறுத்த வேண்டும்.

2. தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில், கூரிய கத்தரியால் கிளைகளை வெட்டுக. காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தவை ஆகியவற்றை அடியோடு நீக்குக.

3. வெட்டுவாயில் போர்டோ பசை தடவுக. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்பது அளவு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துப் பின்னர் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது பிளாஸ்டிக் கலமே ஏற்றது. கலவையில் கத்தியைத் தோய்த்தால் செம்பு படியுமாயின், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

4. களை நீக்கி, தண்டினின்று சற்றுத் தள்ளி மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இடுக. ஓராண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் தேவை. இதில் பாதியை இப்போதும், மறுபாதியை ஜூன், ஜூலை மாதங்களிலும் இடலாம். இப்போதைய பாதிக்கு யூரியா 65 கிராமும், சூப்பர் பாஸ்பேட் 375 கிராமும், பொட்டாஷ் 100 கிராமும் போதும். உரமிட்டு மண் மூடியபின் நீர் பாய்ச்சுக.

5. நோயுற்ற கிளைகளையும் புழு தின்ற அரும்புகளையும் தோட்டத்தில் விட்டுவைக்காது எரித்துவிடுக.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. கவாத்துக் கூலிக்கும் உரத்துக்கும் பணம் வேண்டுவது, வருவாய் குன்றும் காலத்திலேயாகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஐப்பசியிலேயே விண்ணப்பிக்குமாறு சிறு உழவரை ஊக்குவித்து, வேண்டிய சான்றுகள் காலத்தே கிடைக்க உதவுங்கள். கடன் தையில் வந்தால் கவாத்துக்குப் பயன்படாது. ஊர்க் குப்பையில் மட்குவதைத் தனியே பிரித்து எருவாக்கினால் தோட்டங்களுக்கு உரமும் கிட்டும்.

இன்று கத்தரி எடுக்கத் தயங்கும் உழவருக்குத் துணை நிற்போமாயின், பங்குனியில் அவர் கூடை நிறையும்.