மெஷினைத் திறக்கும் முன் தண்ணீரைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கோவையில் கீசர், வாஷிங் மெஷின் சர்வீஸுக்குத் தனியாகக் கடை போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். காயில் மாற்றுவதையும் போர்டு பார்ப்பதையும் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: மெஷினைத் திறப்பதற்கு முன், அதற்குள் போகிற தண்ணீரைப் பார்.

நம் ஊர் வீடுகளில் இரண்டு தண்ணீர். சிறுவாணி, மலையில் பெய்த மழை. கெட்டியான பாறைமேல் ஓடிச் சீக்கிரம் அணைக்கு வந்துவிடுவதால் அதில் பெரிதாக எதுவும் கரைவதில்லை. போர் தண்ணீர் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடந்து கால்சியமும் மெக்னீசியமும் ஏறிப்போனது. நல்ல தண்ணீரை அடுப்படிக்கு வைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் விடுவது பல வீடுகளில் வழக்கம். ஆக, வீட்டிலேயே மோசமான தண்ணீர் மெஷின்களுக்குத்தான் போகிறது. “எங்களுக்குச் சிறுவாணிதாங்க” என்று வீட்டுக்காரர் சொன்னாலும், மொட்டை மாடி ஏறி, கீசருக்கு எந்த டேங்கிலிருந்து லைன் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வா. கோடையில் அந்த டேங்கில் லாரித் தண்ணீர் ஊற்றினார்களா என்றும் கேள்.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்த உப்புகளின் மொத்தத்தை அது கணக்கிடுகிறது. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோற்று உப்பு எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கடினத்தன்மைக்கென்று தனி கிட் உண்டு. குப்பியில் தண்ணீர் எடுத்து, கொடுத்திருக்கும் மருந்துகளைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சுத்தமான நீலம் வரும்வரை எண்ண வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. அது குடிக்கிறவர்களுக்கான கணக்கு. கீசருக்கு நீயே கணக்குப் போட்டுப் பார். 500 காட்டும் தண்ணீரில் தினம் 100 லிட்டர் சுட வைத்தால், உள்ளே போகிற கடினத்தன்மை 50 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே வருஷத்துக்கு 1.8 கிலோ.

படிவது எங்கே? சூடு ஏறும்போது பைகார்பனேட் உடைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். அதனால்தான் நீ கழற்றும் காயில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கோடு வருகிறது. பொருக்குக்குள் சூடு சிக்கிக்கொள்கிறது, உறை வெடிக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, வீட்டில் டிரிப் ஆகிறது. காயிலை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதே. டேங்க் அடியில் கிடக்கும் சுண்ணாம்புச் சில்லுகளை அள்ளி வெளியே போடு. மெக்னீசியம் ராடு கரைந்திருந்தால் மாற்று. டேங்க் அரிக்காமல் இருப்பதே அது தன்னைக் கொடுப்பதால்தான். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்திருந்தால் 60-க்கு இறக்கு. சூடு குறைந்தால் படிவதும் குறையும்.

வாஷிங் மெஷினில் முதலில் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலையைக் கழற்றிப் பார். டிரம் சுத்தம் செய்யச் சிட்ரிக் ஆசிட் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எந்த மெஷினுக்குள்ளும் ஊற்றாதே. அதிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஸ்டீலையே தின்றுவிடும். எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பினால் சிறிய குளியலறையில் மூச்சு நின்றுவிடும்.

சாஃப்ட்னர் வேண்டுமா என்று கேட்பார்கள். அளந்து, தேவை இருந்தால் மட்டும் சொல். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதனால் டிடிஎஸ் குறையாது. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு “ஏமாத்திட்டீங்களே” என்று சண்டைக்கு வருவதற்கு முன், மாட்டும்போதே இதைச் சொல்லிவிடு. அதற்குள் இருக்கும் ரெசினைக் கழுவ உப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கழுவி வெளியே வரும் உப்புக் கழிவுநீர் தென்னைக்குப் போகக் கூடாது. உப்பு குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கும் வீட்டில், குடிக்கும் குழாயை அந்த லைனில் சேர்க்காதே.

இரண்டு இரும்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, பழுப்பாகக் காட்டி ஃபில்டர் விற்கிறவர்கள் உன் ஏரியாவுக்கும் வருவார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பி கரைவதால் வருவது. நல்ல கமிஷன் தருகிறேன் என்பார்கள். கூட்டுச் சேராதே.

ஒவ்வொரு பில்லிலும் அந்த வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையையும் தேதியையும் எழுதிக் கொடு. உன் நோட்டிலும் தெருவாரியாகக் குறித்து வை. ஒரு மழையும் ஒரு கோடையும் கழிந்தால், எந்தத் தெருவில் கீசரை வருஷம் ஒருமுறை திறக்க வேண்டும், எங்கே மூன்று வருஷம் விடலாம் என்று உன்னால் சொல்ல முடியும். கிட் வாங்கும்போது மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்