கொல்கத்தாவில் ஆமை வளர்க்கும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட், ஹாலில் ஒரு பழைய மீன் தொட்டி, அதன் அடியில் மரத்தூள், மூலையில் ஒதுங்கியிருக்கும் உள்ளங்கை அளவு ஆமை. "இந்த மரத்தூளே போதுமா, வேறு ஏதாவது போட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்தூளை மாற்ற வேண்டும். தொட்டியையும் மாற்ற வேண்டும். இதே சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் பத்திரிகை வழியாகவே பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் இது என்ன ஆமை என்று தெளிவாகிவிடட்டும். வைக்கோல் நிற ஓடு, கட்டங்களின் ஓரத்தில் பழுப்புக் கோடு, முன்னங்கால்களில் முள் போலத் துருத்தும் செதில்கள். இது ஆப்பிரிக்காவின் சல்காட்டா. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் வறண்ட நிலம் இதன் ஊர். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போலப் பிரிந்திருந்தால் கதையே வேறு. அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வளர்ப்பு முறை கேட்கவே வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

சல்காட்டாவுக்கும் கணக்கு உண்டு. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் விதிகள் கொண்டுவந்தது. புதிதாக வாங்கினாலும் பரிசாகக் கிடைத்தாலும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பாக்பஜார் கலிஃப் ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் கைமாறும் உயிர்களுக்குக் காகிதம் இருக்கிறதா என்று பலர் கேட்பதே இல்லை. உங்கள் மகனுக்கு இந்த ஆமையைக் கொடுத்த நண்பரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி தரைக்கு வருவோம். நாய்க்கும் பூனைக்கும் தரை படுக்கும் இடம் மட்டும். ஆமை தரையில் நடக்கிறது, தரையைத் தோண்டுகிறது, அதற்குள் புகுந்து தூங்குகிறது, அதிலிருந்து வாயில் ஒட்டுவதையும் சேர்த்து விழுங்குகிறது. அடி ஓடு நாள் முழுக்க அதன் மேல்தான் உரசிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக, என்னைக் கேட்டால் சாப்பாட்டுக்கு இணையாகவே, ஆமையின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது தரைதான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மரத்தூள் பெரும்பாலும் பைன், தேவதாரு மாதிரியான மரங்களுடையது. அதன் வாசனை எண்ணெய்கள் மூச்சுக்குழாயை உறுத்தும். தூசி கண்ணில் படும். தச்சுப் பட்டறைத் தூள் என்றால் பிளைவுட் பசையும் பூச்சி மருந்தும் கலந்திருக்கலாம். வெறும் மணலும் வேண்டாம். கீரையோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் குடலில் தங்கி அடைத்துக்கொள்ளும். கூழாங்கல்லைத் தீனி என்று நினைத்து விழுங்கும். பிளாஸ்டிக் புல் இழை இழையாகப் பிரிந்து வயிற்றுக்குள் போகும். வைக்கோல் வறண்ட ஊருக்குச் சரி, ஆடி மாதக் கொல்கத்தாவில் நான்கே நாளில் பூசணம் பிடித்துவிடும்.

செய்தித்தாள்? ஆமை வந்த முதல் சில வாரங்களுக்கு அது நல்லது. எச்சம் எப்படி இருக்கிறது, புழு வருகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு அதிலேயே விட்டுவைத்தால் கால் வழுக்கும். பழைய கல்கத்தா வீடுகளின் சிவப்பு சிமென்ட் தரை, இப்போதைய டைல்ஸ் இரண்டுக்கும் இதே குறைதான். வளரும் குட்டியின் கால்கள் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி மூட்டு கெடும்.

சரியான பொருள் நம் ஊரிலிருந்தே வருகிறது. தேங்காய் நார்த்தூள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக நாடெங்கும் போகும் கோகோபீட். கட்டியை ஊறவைத்து, உப்பு போக இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள். அலசிப் பிழிந்த நார்த்தூள் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு. மண் வாங்கும்போது கவனம் தேவை. கொல்கத்தா நர்சரிகளில் தொட்டி மண் என்று கேட்டால் எலும்புத்தூள், கடுகுப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் கலந்துதான் தருவார்கள். சாமந்திக்கும் டேலியாவுக்கும் அது அமிர்தம். ஆமை அதைத் தின்னக் கூடாது, ஈரத்தில் அது நாறவும் செய்யும். உரம் கலக்காத வெறும் மண் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கங்கைக் கரை வண்டல் களிமண் மட்டும் என்றால் காய்ந்து பாறையாகிவிடும், ஆமையால் தோண்ட முடியாது. நார்த்தூள் கலந்தால் பொலபொலவென்று இருக்கும். வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் மணிகள் கலந்த பாக்கெட் மண்ணைத் தொடாதீர்கள்.

கலவையை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்து போனால் ஈரம் போதாது. கொழுக்கட்டை மாதிரி பிடித்த வடிவம் நிற்க வேண்டும், உள்ளங்கை லேசாகக் குளிர வேண்டும், நனையக் கூடாது. இந்தப் பதத்தில் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழம் நிரப்புங்கள். அன்று இரவே பார்ப்பீர்கள். முன்னங்கால்களால் மாறி மாறிப் பின்னால் மண்ணைத் தள்ளி, பக்கவாட்டில் உடம்பை அசைத்து அசைத்து, ஓட்டின் முதுகு மட்டும் தெரியும்படி உள்ளே இறங்கிவிடும். கண்ணாடி மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை ஓய்வு என்று நினைத்திருந்தீர்கள் அல்லவா? ஆமையின் ஓய்வு இதுதான்.

பாலைவனப் பக்கத்து ஆமைக்கு எதற்கு ஈரம் என்று கேட்பீர்கள். இந்த எண்ணத்தால் ஓடு கெட்டுப்போன சல்காட்டாக்கள் ஏராளம். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் சின்னச் சின்ன மலை மாதிரி மேலெழும்பி நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புரதம் அதிகமானதால் வந்தது என்றே வெகு காலம் சொல்லி வந்தார்கள். 2003-இல் வீஸ்னர், இபன் என்ற ஆய்வாளர்கள் 50 சல்காட்டாக் குட்டிகளைப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். காற்று வறண்ட இடத்தில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு உயர்ந்தது, புரதத்தின் பங்கு சொற்பம். யோசித்தால் புரியும். சாஹேலில் வெயில் கொளுத்தும்போது ஆமை வெயிலில் நிற்பதில்லை. பல மீட்டர் நீளத்துக்குத் தான் தோண்டிய வளைக்குள் போய்விடுகிறது. அந்த வளைக்குள் காற்று ஈரமாக இருக்கிறது. குட்டிகளுக்கு வாழ்வே பெரும்பாலும் அங்கேதான். அந்த வளையின் அடியை உங்கள் ஹாலில் கொஞ்சம் உண்டாக்குவதற்குத்தான் இந்த நார்த்தூள்.

ஆனால் உங்கள் ஊர் கொல்கத்தா. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். ராஜஸ்தானில் இருப்பவருக்கு எழுதினால் தண்ணீர் தெளியுங்கள் என்று எழுதியிருப்பேன். உங்களுக்கு அப்படி எழுத முடியாது. அலிப்பூர் மிருகக்காட்சிசாலையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ராம் பிரம்ம சன்யால் 1892-இல் விலங்குப் பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதினார். கீழ் வங்கம் என்பதைத் தலைப்பிலேயே போட்டார். அந்தச் சதுப்புக் காற்றுக்கு வேறு ஊர்க் கணக்கு உதவாது என்பது இன்றைக்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் மேலே தெளிக்காதீர்கள். மேல் மண் உலர்ந்தும் அடி மண் ஈரமாகவும் இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் வாரம் ஒரு முறை சிறிது தண்ணீர் ஊற்றினால் அது அடியில் பரவிக்கொள்ளும். மேற்பரப்பு நசநசவென்று இருந்தால் அடி ஓட்டில் அழுகல் பிடிக்கும். வெள்ளைப் பூசணம் தெரிந்த இடத்தைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுக் கிளறி விடுங்கள். எச்சத்தைத் தினமும் எடுக்க வேண்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முழுக் கலவையையும் மாற்ற வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் அபாயம் வேறு. இரவில் 13, 14 டிகிரிக்கு இறங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் இந்த ஆமைக்குச் சளி பிடித்து நுரையீரலுக்கு இறங்கிவிடும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரவில் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் பல்பைத் தெர்மோஸ்டாட்டுடன் மாட்டி, 22 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு முனையில் வெயில் காயும் இடம் 35 டிகிரி, மறு முனை 27. பல்பைக் கம்பியால் இரட்டைக் கட்டாகக் கட்டுங்கள். கழன்று மரத்திலோ நார்த்தூளிலோ விழுந்தால் தீப்பிடிக்கும்.

கண்ணாடித் தொட்டி ஏன் கூடாது? ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடை என்று தெரியாது. அந்தப் பக்கம் தெரிகிறது, போக முடியவில்லை. நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி நடந்துகொண்டே இருக்கும். காற்றும் தேங்கும். 4 அடிக்கு 2 அடியில் வெளியே தெரியாத பக்கங்களுள்ள பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். உயரம் ஆமையின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மரத்தில் செய்தால் உட்புறம் நீர் புகாத பூச்சு அடித்து, வாசனை முழுக்கப் போகும் வரை காயவையுங்கள். மேலே திறந்திருக்கலாம், காக்கையும் பூனையும் வரும் வராந்தா என்றால் கம்பி வலை கட்டாயம். ஒரு பக்கம் கவிழ்த்த பாதி மண்பானை, அதற்கடியில் மண் சற்று கூடுதல் ஈரமாக. தீனி வைக்க ஒரு தட்டையான கடப்பா கல். தண்ணீருக்குக் கன்னம் தொடும் ஆழமே உள்ள மண் தட்டு. ஏறிக் கவிழும்படி செங்குத்தான கல் எதுவும் வைக்காதீர்கள். மல்லாந்து விழுந்த ஆமை பல்புக்கு நேர் கீழே கிடந்தால் சூட்டிலேயே செத்துப்போகும்.

ஜன்னல் வழியாக வெயில் வருகிறதே என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடுகிறது. ஒன்று, அதற்கான புற ஊதா டியூப்லைட் மாட்ட வேண்டும், அல்லது காலை வெயிலில் வராந்தாவில் நிழலும் சேர்ந்த இடத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு விட வேண்டும். வைசாக மாதத்து மொட்டை மாடி கான்கிரீட்டில் ஒருபோதும் விடாதீர்கள். தொட்டு முடித்ததும் மகன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா குழந்தைகளுக்குப் பரவியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையையே தடை செய்தது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அலிப்பூரில் 2006 மார்ச்சில் இறந்துபோன ராட்சத ஆமை அத்வைதாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அல்டாப்ரா தீவு இனம், சுமார் 250 கிலோ. ராபர்ட் கிளைவுக்குப் பரிசாக வந்தது, பரக்பூரிலிருந்து 1870களில் அலிப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது சொல்லிவரும் வரலாறு. கிளைவ் 1767-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார், பரக்பூர் விலங்குக்கூடம் வெல்லெஸ்லி காலத்தில் 1800-ஐ ஒட்டித்தான் உருவானது. ஆகவே அதற்கு 250 வயது என்று சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஆனால் அலிப்பூரில் மட்டுமே 130 ஆண்டு இருந்தது என்பதே போதுமானது. கோதுமைத் தவிடும் கேரட்டும் ஊறவைத்த கடலையும் போட்டு எத்தனை தலைமுறைக் காவலர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்! கடைசியில் ஓட்டில் விரிசல் விட்டு, அதன் அடியில் புண்ணாகி, கல்லீரல் செயலிழந்து போய்ச் சேர்ந்தது.

சல்காட்டா அவ்வளவு பெரிதாகாது. ஆனாலும் 40, 50 கிலோ வரும், 50 வயதைத் தாண்டும். நான் சொன்ன 4 அடிப் பெட்டி ஓரிரு வருடத்துக்குத்தான். பிறகு அறை வேண்டும், அப்புறம் தோட்டமே வேண்டும், அதிலும் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் வளை தோண்டும். சென்னைக்கு வரும்போது வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு மகனை அழைத்துப் போய் அங்குள்ள அல்டாப்ரா ஆமைகளைக் காட்டுங்கள். பெரிய ஆமைக்கு எவ்வளவு மண் தேவை என்று அவனே புரிந்துகொள்வான். உங்கள் ஃபிளாட்டில் இதை முழு வயது வரை வளர்க்க முடியாது என்பதே என் கருத்து. சொந்த ஊரில் நிலமுள்ள உறவினர் யாராவது உண்டா, பதிவை அவர் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று இப்போதே விசாரிக்க ஆரம்பியுங்கள். எந்த நிலையிலும் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். இது நிலத்தில் வாழும் ஆமை, நீச்சல் தெரியாது, மூழ்கிவிடும்.

பெட்டி தயாராகும் வரை தொட்டியிலிருக்கும் மரத்தூளை இன்றைக்கே அள்ளிக் கொட்டிவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள், பக்கக் கண்ணாடிகளுக்கு வெளியே பழுப்புத் தாள் ஒட்டுங்கள். தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில், கன்னமளவு ஆழத்தில் உட்கார வையுங்கள். ஓட்டின் நீளத்தையும் எடையையும் குறித்து, அடி ஓட்டின் படம் ஒன்றும் சேர்த்து அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள். தீனி பற்றி அப்போது எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்